ஒரு ரப்பர் வளையம்

பழுதுபட்ட பொருளொன்றைச் சீராக்கும் தொழிலில் மூன்று படிகள் உள்ளன. கழற்றுதல், சீர்செய்தல், மீண்டும் பொருத்துதல் என்பன அவை. முதலாவதற்கு வலிமை வேண்டும். இரண்டாவதற்குக் கருவி வேண்டும். மூன்றாவதற்குப் பொறுமை வேண்டும். உலகம் முன்னிரண்டையும் வியந்து பாராட்டுகிறது. மூன்றாவதைப் பொருட்படுத்துவோர் மிகச் சிலரே. "பழுதுதான் நீங்கிவிட்டதே, இனி மாட்ட வேண்டியதுதானே!" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மாட்டும் வேலையில் எத்துணைக் கருத்தும் எத்துணை நேர்மையும் வேண்டியிருக்கின்றன என்பதைப் பட்டறையில் நின்று பார்ப்பவரே அறிவர். பழைய மகிழுந்து ஒன்றின் எரிபொருள் தெளிப்பான்களைப் புதுப்பித்து மாட்டும் வேலை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

மகிழுந்தின் இயந்திரம் ஓடுவதற்குப் பெட்ரோலும் காற்றும் தக்க அளவிற் கலந்து உருளைகளுக்குள் செல்ல வேண்டும். நெடுங்காலம் இப்பணியைக் கார்புரேட்டர் செய்து வந்தது. ஒடுங்கிய குழாய் வழியே காற்று விரையும்போது தோன்றும் உறிஞ்சலே பெட்ரோலை இழுத்துக் கொடுத்தது. இம்முறையில் அளவு சற்று முன்பின்னாகும், புகையும் மிகுதி. 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் மின்னணு முறையில் இயங்கும் எரிபொருள் தெளிப்பு அமைப்பை வோக்ஸ்வேகன் 1600 மகிழுந்தில் பொருத்தி வெளியிட்டது. அமெரிக்காவில் அக்காலத்தில் எழுந்த புகைக்கட்டுப்பாட்டுச் சட்டங்கள் அதற்கொரு தூண்டுகோல். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டருடனேயே ஓடியது. 1993ஆம் ஆண்டில் அறிமுகமான வீரா வரிசையில்தான் தெளிப்பான் பொருத்திய இயந்திரங்கள் நம் மக்களின் கைக்குப் பரவலாக வந்து சேர்ந்தன. பட்டறைகளில் இதனை 'இஞ்செக்டர்' என்றே வழங்குவர்.

தெளிப்பான் விரலளவே உள்ள கருவி. அதனுள் ஒரு கம்பிச்சுருளும் ஓர் ஊசியும் உள்ளன. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் ஊசி மேலெழும்புகிறது. எழும்பும் தொலைவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அச்சிறு இடைவெளி வழியே பெட்ரோல் மென்பனிபோலத் தெளிக்கப்படுகிறது. மின்சாரம் நின்றதும் வில்சுருள் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கிறது. இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, ஓர் உருளை வினாடிக்கு 25 முறை எரிபொருள் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் வழி திறந்திருப்பது வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே. இத்துணை நுட்பமான வாயிலில் ஒரு தூசியளவு பிசின் படிந்தாலும் கணக்குத் தவறிவிடும்.

அப்பிசின் எங்கிருந்து வருகிறது? ஓடி நின்ற இயந்திரத்தின் சூடு உடனே தணிவதில்லை. தெளிப்பானின் நுனியில் எஞ்சி நிற்கும் பெட்ரோலின் மெல்லிய பகுதி அச்சூட்டில் ஆவியாகிவிட, கனத்த பகுதி கசடாகத் தங்குகிறது. நாள்தோறும் சிறிது தூரம் ஓடி, நின்று, மறுபடியும் ஓடும் வண்டிகளில் இக்கசடு அடுக்கடுக்காகப் படியும். பருத்தி வேட்டியில் கறை ஏறுவதுபோல மெல்ல மெல்ல நிகழ்வதால், நோய் முற்றும் வரையில் உரிமையாளருக்கே அது தெரிவதில்லை.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெரியவர் ஒருவரின் மகிழுந்துக்கு இந்நோய் கண்டது. தோட்டத்துக் கிராணியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். 1998ஆம் ஆண்டில் அவர் புதிதாக வாங்கிய வீரா அது. தோட்டம் கைமாறியது, பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சென்றுவிட்டனர், ஊழியர் சேமநிதிப் பணமும் கரைந்தது. அவ்வண்டி மட்டும் வீட்டுக்கு முன்னால் நின்றது. அவருடைய துணைவியாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தபின், திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் ஈப்போவில் உள்ள இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அவரை ஏற்றிச் செல்வதே வண்டியின் தலையாய வேலையாயிற்று. ஏறத்தாழ 30 கிலோமீட்டர்ப் பயணம்; காலை ஆறு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும்; நான்கு மணி நேரம் இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கி இதயத்தையே தாக்கிவிடும். ஆதலின் அவ்வீட்டில் மகிழுந்து ஓர் உறுப்பைப் போன்றது.

சில திங்களாக விடியற்காலையில் வண்டி நடுங்கியது. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது இயந்திரம் இருமியது. பெட்ரோல் செலவு ஏறியது. பட்டறைக்காரர் வண்டியின் மூடியைத் திறந்து, இயந்திரத்தை ஓடவிட்டு, தெளிப்பான்களின் மின்முனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். ஒன்றையும் இரண்டையும் நான்கையும் கழற்றியபோது இயந்திரம் தள்ளாடிற்று. மூன்றாவதைக் கழற்றியபோது பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இல்லாதபோதும் குறை தெரியவில்லையெனில், இருந்தபோதும் அது வேலை செய்யவில்லை என்பதுதானே பொருள்! கம்பிச்சுருளின் மின்தடையை அளந்தார். மற்ற மூன்றைப்போலவே 14 ஓம் அளவில் இருந்தது. ஆகவே உயிர் இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது என்று முடிவு செய்தார்.

புதிய தெளிப்பான்கள் நான்கு வாங்கப் பெரியவரின் கையிருப்பு இடம் தரவில்லை. எனவே நான்கையும் கழற்றி ஈப்போவில் அத்தொழிலுக்கெனவே உள்ள கடைக்கு அனுப்பினார் பட்டறைக்காரர். அங்கே செவிக்கெட்டாத ஒலியலைகள் பாயும் நீர்மத்தில் அவற்றை மூழ்கவைத்துக் கசட்டைப் பிரித்தனர்; உள்ளிருக்கும் சிறு வடிகட்டிகளை மாற்றினர்; சோதனை மேடையில் ஏற்றி, கண்ணாடிக் குழல்களில் ஒரே நேரத்தில் எவ்வளவு பாய்கிறது என்று ஒப்பிட்டனர். முன்னர் மற்றவற்றைவிடக் கால் பங்கு குறைவாகப் பாய்ச்சிய மூன்றாவது தெளிப்பான், இப்போது தோழர்களோடு சமமாக நின்றது. அளவுத்தாளைப் பார்த்த பெரியவர், "அப்பாடா, தீர்ந்தது" என்று பெருமூச்செறிந்தார். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, "இன்னும் பாதி வேலை இருக்கிறது, ஐயா" என்றார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. விடிந்தால் புதன்.

பொருத்தும் வேலையைத் தம்மிடம் தொழில் கற்கும் பதினேழு வயது இளைஞனிடம் ஒப்படைத்தார் பட்டறைக்காரர். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றவன் அவன். ஏட்டுக் கல்வி அவனுக்கு ஏறவில்லை; கைவேலை ஏறியது. தாம் அருகில் மற்றொரு வண்டியின் அடியில் படுத்துக்கொண்டே அவர் கேள்விகளைக் கேட்க, அவன் விடை கூறிக்கொண்டே வேலை செய்தான்.

"பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினாயா?"

"கழற்றிவிட்டேன், அண்ணே."

"பழைய கீழ்வளையங்கள் நான்கும் வெளியே வந்தனவா? எண்ணிப் பார்த்தாயா?"

சிறிது நேரம் பேச்சில்லை. "மூன்றுதான் இருக்கின்றன, அண்ணே" என்றான் அவன்.

தெளிப்பான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காப்புகள் உண்டு. காற்று உட்செல்லும் குழாயின் துளையில் அமர்வது கீழ்வளையம். பெட்ரோலைப் பங்கிட்டுத் தரும் குழாயில் அமர்வது மேல்வளையம். கீழ்வளையம் காற்றைத் தடுக்கிறது. மேல்வளையம் பெட்ரோலைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்த கீழ்வளையம் சில வேளைகளில் துளையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனியாமல் அதன்மேல் புதிய வளையத்தை அமர்த்தினால் தெளிப்பான் நேராக உட்காராது. இடுக்கின் வழியே கள்ளக் காற்று நுழையும். இயந்திரம் முன்னிலும் மோசமாக நடுங்கும். சீர்செய்தவரைப் பழிப்பார்களேயன்றி, மாட்டியவரை எவரும் ஐயுற மாட்டார்கள். இளைஞன் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்து, இரண்டாவது துளையில் கரிய பிசுக்குப்போல் ஒட்டியிருந்த வளையத்தை மரக்குச்சியால் நெம்பி எடுத்தான். தூசி உள்ளே விழாதிருக்கத் துளைகளில் தூய துணியைச் செருகி, ஓரங்களைத் துடைத்தான்.

அடுத்து மேல்வளையங்கள். இவை கைவிரல் மோதிரத்தினும் சிறியவை. விலையும் சில வெள்ளிக்குள்தான். ஆயினும் ஏறத்தாழ மூன்று வளிமண்டல அழுத்தத்தில் வரும் பெட்ரோலைத் தடுத்து நிற்பவை இவையே. பெட்ரோலின் ஆவி சுழியத்திற்குக் கீழே 40 பாகை செல்சியசிலும் தீப்பற்ற வல்லது. அதற்கு நேர் அருகில் கொதிக்கும் இயந்திரமும் மின்பொறியும் இருக்கின்றன. சாலையோரத்தில் எரிந்து கரிக்கூடாகி நிற்கும் வண்டிகளை நாம் காண்கிறோம். அவற்றுள் சிலவற்றின் வரலாறு இத்தகைய ஒரு வளையத்திலிருந்தே தொடங்கியிருக்கக்கூடும்.

வளையத்தில் ஒரு துளி இயந்திர எண்ணெய் தடவி, தெளிப்பானை வலமும் இடமுமாகத் திருப்பிக்கொண்டே குழாய்க்குள் செலுத்த வேண்டும். செலுத்திய பின்னும் அது விரல்பட்டுத் தாராளமாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிடில் வளையம் உள்ளே மடங்கியோ நசுங்கியோ இருக்கிறது என்று பொருள். முதலாவதும் இரண்டாவதும் திரும்பின. பெரியவர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழைத் தாண்டிவிட்டது. இளைஞன் அவர் முகத்தைப் பார்த்தான், கை விரைந்தது. மூன்றாவதை எண்ணெய் தடவாமலே அழுத்தினான். அது உள்ளே சென்றுவிட்டது. நான்காவதையும் மாட்டினான், அது திரும்பிற்று. மூன்றாவது மட்டும் திரும்பவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு நான்கும் ஒன்றுபோலவே காட்சியளித்தன. குழாயைத் தூக்கி வைத்துத் திருகிவிட்டால் அவ்வேற்றுமையை எவரும் காண இயலாது. பட்டறைக்காரர் இன்னும் வண்டியின் அடியில்தான் இருந்தார். பெரியவரோ விளக்கணைக்கும் நேரம் வந்துவிட்டதா என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசாமலிருக்க அவ்விளைஞனுக்கு எல்லாச் சூழலும் துணை நின்றன.

"அண்ணே, மூன்றாவது திரும்பவில்லை" என்றான் அவன்.

பட்டறைக்காரர் எழுந்து வந்து கழற்றிப் பார்த்தார். குழாயின் விளிம்பு வளையத்தில் மயிரிழை அளவு சீவிவிட்டிருந்தது. நகத்தால் தடவினால்தான் அது தெரிந்தது. பெட்டியில் வேறு வளையம் இல்லை. உதிரிபாகக் கடைகள் அடைத்தாயிற்று. கழற்றி எறிந்த பழைய வளையம் ஒன்று தட்டில் கிடந்தது. தட்டையாகி, கல்போல் இறுகியிருந்தது.

பெரியவர் அதைக் கையிலெடுத்தார். "தம்பி, இதுநாள் வரையில் இதுதானே தாங்கிற்று? இன்றைக்கு இதையே போட்டுவிடுங்கள். நாளை அம்மாவை அழைத்துப் போய் வந்தபின் புதியதை மாற்றிக்கொள்ளலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மாற்று வழியும் எளிதன்று. விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டப்புறத்திலிருந்து வாடகை வண்டி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் காத்திருக்கும் கூலி வேறு.

பட்டறைக்காரர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஐயா, அசையாமல் இருந்த வரையில் அது தாங்கியது. ஒரு முறை கழற்றிய இறுகிய ரப்பர் மறுபடியும் பிடிக்குமென்று நான் உறுதி கூற இயலாது. அம்மா படுத்துக்கொண்டு வரும் வண்டி இது. கசிந்து தீப்பிடித்தால் அவர்களால் கதவைத் திறந்து ஓட முடியுமா?" என்றார்.

பெரியவர் விடை கூறவில்லை. வளையத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"காலை ஐந்து மணிக்கு என் வேனைக் கொண்டுவருகிறேன். அம்மாவை நானே இறக்கிவிடுகிறேன். அங்கே நான்கு மணி நேரம் இருக்கிறதே, அதற்குள் கடை திறந்துவிடும்" என்றார் பட்டறைக்காரர்.

இளைஞன் தலைகுனிந்து நின்றான். வளையம் கெட்டது தன் கையால் என்பதை அவன் அறிவான். பட்டறைக்காரர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "எண்ணெய்க் குப்பியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். வாயில் கதவை இழுத்துப் பூட்டும்போது, "திரும்பவில்லை என்று சொன்னாயே, நல்லது" என்றார். அவன் அன்றிரவு எவ்வாறு உறங்கினானோ, அறியோம். மறுநாள் விடியற்காலையில் வேனுக்கருகில் அவனே முதலில் வந்து நின்றான் என்பது மட்டும் உண்மை.

புதன்கிழமை நண்பகலில் வேன் திரும்பியது. அம்மையார் களைத்திருந்தார், ஆனால் உரிய நேரத்திற் சிகிச்சை முடிந்திருந்தது. பட்டறைக்காரர் ஒரு வளையத்திற்கு நான்காக, பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் ஈடுகொடுக்கும் தரமான வளையங்களை வாங்கி வந்திருந்தார். "ஒன்று தேவைப்படும்போது ஒன்றை மட்டும் வாங்குபவன் இரண்டு முறை கடைக்குப் போவான்" என்பது அவர் கொள்கை.

இளைஞன் மீண்டும் தொடங்கினான். இம்முறை ஒவ்வொரு வளையத்திலும் எண்ணெய் மின்னியது. நான்கு தெளிப்பான்களும் விரலுக்கு இசைந்து திரும்பின. பங்கீட்டுக் குழாயை நான்கோடும் சேர்த்துத் தூக்கி, துளைகளுக்கு நேராக வைத்து, இரு கைகளாலும் சமமாக அழுத்தினான். ஒரு பக்கத் திருகாணியை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினான். அத்திருகாணிகளுக்கு ஏறத்தாழ 11 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். வீரத்தைக் காட்டினால் அலுமினியத்தின் மரை அழிந்துவிடும். இறுக்கிய பின்னும் தெளிப்பான்கள் திரும்புகின்றனவா என்று மீண்டும் பார்த்தான். மின்முனைகள் 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டன. திரும்பு குழாயின் பிடிவளையத்தை மாற்றினான்.

உடனே இயந்திரத்தை முடுக்கிவிடவில்லை. தீயணைப்புப் பொடிக் குப்பியை அருகில் வைத்தார்கள். இயந்திரம் சுழலாமல் எரிபொருள் பம்பை மட்டும் ஓடவிட்டார்கள். குழாய்களில் அழுத்தம் ஏறியது. இளைஞன் வெள்ளைத் தாளைச் சுருட்டி, ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் சுற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நான்கு தாள்களும் உலர்ந்தே இருந்தன. சிறிது நேரம் பொறுத்து மறுபடியும் பார்த்தான். அப்போதும் உலர்ந்தே இருந்தன. அதன் பின்னரே பெரியவர் திறவுகோலைத் திருப்பினார். இயந்திரம் ஒருமுறை தடுமாறி, குழாயில் இருந்த காற்று வெளியேறியதும் சீராக ஓடத் தொடங்கியது. பட்டறைக்காரர் நாணயம் ஒன்றை இயந்திரத்தின் மூடிமேல் வைத்துப் பார்த்தார். அது கீழே விழவில்லை.

வேனிலிருந்து இறங்கி நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மையார், "முந்திய சத்தம் இல்லையே!" என்றார். இளைஞனின் முகம் மலர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் எண்ணத்தக்கது ஒன்று உண்டு. கடையின் சோதனை மேடையில் அந்நான்கு தெளிப்பான்களும் முழுமையான மதிப்பெண் பெற்றிருந்தன. அந்த மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டே அவை ஒரு குடும்பத்தை எரித்திருக்கவும் கூடும். சீர்பெற்ற பொருளின் நலம் அது அமரும் இருக்கையில்தான் முடிவாகிறது. அவ்விருக்கையோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ளது. அங்கே என்ன நடந்தது என்பதை அறிந்தவன் மாட்டியவன் ஒருவனே. பெரியவரின் பணமோ பட்டறைக்காரரின் அனுபவமோ அவ்விடத்தை எட்டிப் பார்க்க இயலாது. அவன் வாய் திறந்தால்தான் உண்டு.

நம் பிள்ளைகளுட் பலர் இன்று பட்டறைகளிலும் மின்பணியிலும் கட்டுமானத்திலும் கைத்தொழில் கற்று வருகின்றனர். தேர்வுத் தாளில் அவர்கள் பெற்ற எண்களைக் கொண்டு அவர்களைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் மாறவில்லை. மூன்றாம் படிவத்தில் நின்றுபோன ஒருவன், எவரும் பாராத நேரத்தில், தனக்குப் பழி வரும் என்று தெரிந்தே, "இது திரும்பவில்லை" என்று சொன்னான். எத்துணைப் பள்ளிகள் எத்துணை ஆண்டுகள் முயன்று மாணவர்க்குப் புகட்ட விரும்பும் பாடம் அது! அதை அவன் சொன்னபோது கடிந்துகொள்ளாமல் கேட்டுக்கொண்ட ஒருவர் அருகில் இருந்ததும் அவனுடைய நற்பேறு. உண்மையைச் சொல்பவனை வாட்டினால் அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான். வளையம் மட்டும் கசிந்துகொண்டிருக்கும்.

ஆயிரம் உறுப்புகள் கொண்ட மகிழுந்தில் மிகச் சிறியதும் மிக மலிவானதும் அந்த ரப்பர் வளையம்தான். திங்களும் புதனும் வெள்ளியும் விடியுமுன் ஓர் அம்மையாரை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்படும் வண்டியில், நான்கு வளையங்கள் எவர் கண்ணிலும் படாமல் தம் கடமையைச் செய்துகொண்டிருக்கின்றன.